தவளையின் இருதயம்

நம்முடைய சரீரத்தில் நமது உத்தரவைக் கேளாமலே நடந்துவரும் காரியங்கள் பல உண்டு. நாம் தூங்கும்போதும் இருதயம் அடிக்கிறது, தின்றது செரிக்கிறது, பயந்தால் நெஞ்சு படபடக்கிறது. "இவற்றையெல்லாம் நீயா நடத்துகிறாய்? உள்ளே ஒருவன் இருந்து ஆட்டி வைக்கிறான்" என்று புராணப் பிரசங்கிகள் சொல்லுவதும், கேட்டவர்கள் வாயடைத்துப் போவதும் வெகு காலமாக நடந்துவருகிற சங்கதியாகும்.

ஆட்டி வைப்பது எது என்று வாயால் பேசிக்கொண்டிராமல் கையால் தொட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1845-ல் ஜெர்மனியில் வெபர் சகோதரர்கள், கழுத்து வழியாக இருதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்னும் நரம்பைத் தூண்டினால் இருதயத்தின் அடி தளர்ந்து, நின்றும் போகிறது என்று காட்டினார்கள். நம் இஷ்டத்துக்குக் கட்டுப்படாத இந்த நரம்புக் கூட்டத்துக்கு 1898-ல் இங்கிலாந்தில் லாங்லி என்பவர், தானியங்கி நரம்பு மண்டலம் என்று பொருள்படும் பெயரை இட்டார். ஆனால், நரம்பு இருதயத்துக்கு எப்படிச் சேதி சொல்லுகிறது என்பது மாத்திரம் விளங்காமலே இருந்தது.

ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து ஆசிரியராயிருந்த ஆட்டோ லோவி இதைக் கண்டுபிடித்தார். அவர் இரண்டு தவளைகளின் இருதயங்களை வெளியே எடுத்து உப்புநீர் ஊட்டி வைத்தார். உடலை விட்டு எடுத்த பிறகும் அவை இரண்டும் அடித்துக்கொண்டிருந்தன. தவளையின் ஆத்மா அப்போது உடலில் இருந்ததா, கிண்ணத்தில் இருந்ததா என்பதை ஆத்மவாதிகள்தான் சொல்லவேண்டும்! நிற்க. முதல் இருதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார்; அடி தளர்ந்தது. அதில் இருந்த நீரை எடுத்து, நரம்பே இல்லாத மற்றொரு இருதயத்தில் விட்டார், அதுவும் தளர்ந்தது. ஆகவே, நரம்பின் நுனியில் ஏதோ ஒரு சரக்கு ஊறுகிறது, அதுவே சேதி சொல்லுகிறது என்பது பிரத்தியட்சமாயிற்று. இதை 1921-ல் வெளியிட்டார். அந்தச் சரக்கு அசிட்டைல்கோலின் என்பது பின்னர் ருசுவாயிற்று. 1936-ல் லோவிக்கும் இங்கிலாந்தின் ஹென்றி டேலுக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுக்கப்பட்டது.

இந்தச் சோதனையின் யோசனை தமக்குக் கனவில் தோன்றியதாக லோவியே சொல்லியிருக்கிறார். நம் நாட்டில் ஒருவனுக்கு இப்படிக் கனவு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? கோயில் எழும்பியிருக்கும், உண்டியல் வைத்திருப்பார்கள். லோவியோ கனவை நம்பச் சொல்லவில்லை. சோதனைச் சாலைக்கு ஓடினார். பலர் சந்தேகித்தபோது கோபித்துக் கொள்ளவுமில்லை. 1926-ல் ஸ்டாக்ஹோம் மகாநாட்டில் எல்லோர் கண் முன்னாலும் செய்து காட்டினார். 'நம்பு' என்பவனுக்கும் 'பார்' என்பவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு 1938-ல் கிடைத்த மரியாதை என்ன? யூதராய்ப் பிறந்தார் என்பதற்காக நாஜிகள் அவரைச் சிறையில் போட்டார்கள். நோபல் பரிசுப் பணத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு நாட்டைவிட்டுத் துரத்தினார்கள். பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசுகிறவனுக்கு அறிவின் விலை எப்போதுமே தெரியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

தவளை இருதயத்தால் நமக்கென்ன லாபம் என்று கேட்கும் விவசாயத் தோழருக்கு ஒன்று சொல்லுவோம். அசிட்டைல்கோலின் தன் வேலை முடிந்தவுடன் அழிக்கப்பட வேண்டும். அழிப்பதற்கென்றே உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. வயலுக்குத் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. சரக்கு தேங்குகிறது. வாயில் எச்சில் வழிகிறது; உடல் வேர்க்கிறது; கண்பாவை ஊசிமுனையாய்ச் சுருங்குகிறது; மார்பில் நீர் கட்டி மூச்சு திணறுகிறது. இதற்கு ஆஸ்பத்திரியில் அட்ரோபின் ஊசி போடுகிறார்கள். அது தேங்கிய சரக்கு இருதயத்திலும் நுரையீரலிலும் வேலை செய்யாதபடி தடுத்துப் பிழைக்க வழி செய்கிறது.

இந்த நிலையில் கிடப்பவனுக்குக் "காத்து கருப்பு" என்று வேப்பிலை அடித்துக் கொண்டும், சாணிக் கரைசலை வாயில் ஊற்றிக்கொண்டும் இருந்தால் அந்தப் பிராணன் போன பாவம் யாரைச் சேர்ந்தது? நனைந்த துணியைக் களைந்து, உடம்பை நீர்விட்டுக் கழுவி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதே செய்யத்தக்க காரியமாகும்.

உள்ளே இருந்து ஆட்டி வைப்பவன் யார் என்று இனி எந்தப் பிரசங்கியாவது கேட்டால், "தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தேடியவர்களிடம் போய்க் கேளும்" என்று பதில் சொல்லுங்கள். தேடியவன் கண்டது உயிரைக் காக்கிறது. தேடாமலே எல்லாம் தெரியும் என்றவன் இதுவரை எந்த உயிரைக் காத்தான் என்று கேட்கின்றோம்.