தேரடியில் ஒரு பொருளாதாரப் பாடம்

சிதம்பரத்தில் ஆனித் தேரோட்டம். நான்கு தேர் வீதிகளிலும் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கீழ வீதியில் நிற்கும் ஒருவர் முன்வரிசைத் தலைகள் மறைக்கின்றன என்று நுனிக்காலில் எம்புகிறார். அவருக்குத் தேர் நன்றாகத் தெரிகிறது. அதைக் கண்டு பக்கத்திலுள்ளவர் எம்புகிறார், பின்னாலிருப்பவரும் எம்புகிறார். சற்று நேரத்தில் தெருவே நுனிக்காலில் நிற்கிறது. முன்பு தெரிந்ததைவிட ஒருவருக்கும் ஓரங்குலம்கூட அதிகமாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் கால் வலி ஒன்றுதான் மிச்சம்!

இந்தக் காட்சியைப் பார்க்காத சிதம்பரவாசி கிடையாது. ஆனால் பேரியல் பொருளியல் என்னும் பெரிய சாஸ்திரத்தின் முதல் பாடம் இதற்குள் அடங்கியிருக்கிறது என்பதை உணர்ந்த மாணவர்கள் எத்தனை பேர்? ஒருவருக்கு நன்மை தருவது, எல்லோரும் ஒருசேரச் செய்யும்போது நன்மையாக இராமற் போகலாம் என்பதே அந்தப் பாடம். தனி மனிதனின் வரவு செலவைப் பார்ப்பது ஒரு கணக்கு; நாடு முழுவதன் வரவு செலவைப் பார்ப்பது வேறு கணக்கு. முன்னதைப் பெரிதாக்கினால் பின்னது வந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

சிக்கனமும் சங்கடமும்

ஒரு குடும்பம் சிக்கனமாக இருந்தால் நாலு காசு சேரும். இது பாட்டி காலத்துப் புத்திமதி, பொய்யன்று. ஆனால், நாளைக்கு என்ன ஆகுமோ என்ற அச்சத்தில் கடலூரிலுள்ள எல்லாக் குடும்பங்களும் ஒரே மாதத்தில் செலவைப் பாதியாகக் குறைத்துக் கொண்டால் என்ன நடக்கும்? திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் ஜவுளி தேங்கும். கடைக்காரர் இரண்டு சிப்பந்திகளை நிறுத்துவார். தையற்காரருக்கு வேலை குறையும். வேலை இழந்தவர்கள் மளிகைக் கடையில் வாங்குவதைக் குறைப்பார்கள். ஒருவருடைய செலவுதான் மற்றொருவருடைய வருமானம் என்ற உண்மை அப்போது வெட்டவெளிச்சமாகும். சேமிக்கப் போய், சேமிப்பதற்குரிய வருமானமே சுருங்கிவிடும்.

1929 இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நிகழ்ந்தது இதுதான். அந்த இடி தென்னார்க்காடு ஜில்லாவையும் விடவில்லை. இந்த ஜில்லாவின் பணப்பயிர் வேர்க்கடலை. கடல் கடந்து விற்ற அந்தச் சரக்கின் விலை சரிந்தது. விளைச்சல் நன்றாயிருந்தும் விவசாயி கையில் பணமில்லை. வாங்கிய கடன் மட்டும் வாங்கிய தொகையாகவே நின்றது. குறைந்த விலைக்கு விற்று, பழைய கடனைக் கட்ட வேண்டிய நிலை. சென்னை மாகாணத்தில் 1938 இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்ததன் பின்னணி இதுவே. 1936 இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் கெயின்ஸ் தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டு, மக்கள் செலவிடத் தயங்கும்போது சர்க்கார் செலவிட வேண்டும் என்று வாதாடினார். லண்டனிலும் நியூயார்க்கிலும் எழுந்த கேள்வி, பண்ணுருட்டி வண்டிப் பேட்டையிலும் எழுந்த கேள்விதான்.

நெய்வேலி ரூபாய் எங்கே போகிறது?

1956 இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962 முதல் அங்கே மின்சாரம் உற்பத்தியாயிற்று. இது சர்க்கார் போட்ட முதல். அந்த முதல் நிலக்கரியாகவும் மின்சாரமாகவும் மட்டும் திரும்பி வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு நூறு ரூபாய் கூலி கிடைக்கிறது என்று கொள்வோம். அவர் இருபது ரூபாயைச் சேமித்து, எண்பது ரூபாயைக் கடைத்தெருவில் செலவிடுகிறார். அந்த எண்பது கடைக்காரரின் வருமானம். அவரும் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்தால், அறுபத்து நான்கு ரூபாய் இன்னொருவர் கைக்குப் போகும். இப்படியே கை மாறி மாறி வந்தால், முடிவில் முதல் நூறு ரூபாய் ஐந்நூறு ரூபாய் வருமானத்தை உண்டாக்கியிருக்கும். இதற்குத்தான் "பெருக்கி" என்று பெயர்.

மாணவர்கள் இந்த வாய்பாட்டைப் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். ஆனால் வாய்பாட்டில் ஓட்டை உண்டு. தொழிலாளி வாங்கும் துணி வெளியூரில் நெய்தது. சோப்பு வேறு ராஜ்யத்தில் செய்தது. மகனின் படிப்புச் செலவு சென்னைக்குப் போகிறது. இப்படி வெளியேறும் ஒவ்வொரு ரூபாயும் உள்ளூரில் இரண்டாம் சுற்றுக்கு வருவதில்லை. ஆகவே நாட்டளவில் ஐந்து மடங்கு பெருகும் பணம், ஜில்லா அளவில் அதில் பாதிகூடப் பெருகாமற் போகலாம். பெரிய தொழிற்சாலை ஒன்று வந்துவிட்டால் சுற்றுப்புறம் தானே செழித்துவிடும் என்று நம்புகிறவர்கள், உள்ளூரில் வாங்கத்தக்க பொருளும் உள்ளூரில் கற்ற தொழிலும் இருந்தால்தான் பணம் தங்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

கணக்கில் வராத மரங்கள்

அடுத்தது தேசிய வருமானம். 1867-68 ஆம் ஆண்டுக்கு இந்தியரின் தலைக்குச் சராசரி வருமானம் இருபது ரூபாய் என்று கணக்கிட்டார் தாதாபாய் நௌரோஜி. சுதந்திரத்துக்குப் பின் 1949 இல் மஹலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு நியமிக்கப்பட்டது. ஓராண்டில் நாட்டில் உற்பத்தியான இறுதிப் பொருள்கள், சேவைகள் இவற்றின் மதிப்பே மொத்த உள்நாட்டு உற்பத்தி.

இதில் "இறுதி" என்ற சொல் முக்கியம். பண்ணுருட்டி விவசாயி முந்திரிக் கொட்டையை நூறு ரூபாய்க்கு விற்கிறார். உடைத்துப் பருப்பாக்கியவர் நூற்றறுபதுக்கு விற்கிறார். மிட்டாய்க் கடைக்காரர் அதை இனிப்பாக்கி இருநூற்றைம்பதுக்கு விற்கிறார். மூன்றையும் கூட்டி ஐந்நூற்றுப் பத்து என்று எழுதினால் தவறு; ஒரே முந்திரியை மூன்று தடவை எண்ணியதாகும். நூறு, அறுபது, தொண்ணூறு என்று ஒவ்வொருவரும் சேர்த்த மதிப்பை மட்டும் கூட்டினால் இருநூற்றைம்பது வருகிறது. அதுவே சரியான கணக்கு.

கணக்கு சரிதான். ஆனால் எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று கேட்பதும் கல்வியின் பகுதி அல்லவா? 2011 டிசம்பர் 30 இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரத்தை அறுத்த கூலி, மரத்தை ஏற்றிப்போன லாரி வாடகை, புதிதாக நட்ட மின்கம்பங்களின் செலவு, இவையெல்லாம் உற்பத்திக் கணக்கில் வரவாக ஏறும். மாண்ட மரத்தின் மதிப்போ அந்த மொத்தக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. பின்வரும் ஆண்டுகளில் விளைச்சல் குறையும்போதுதான் அது எட்டிப் பார்க்கும். புதுப் பலாக்கன்று காய்க்கும் வரை அந்தக் குடும்பம் எதைத் தின்றது என்பதை எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாது. 2015 வெள்ளத்திலும் கடலூர் ஜில்லா பட்ட பாடு இத்தகையதே.

இதனால் புள்ளிவிவரம் பொய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெப்பமானி காய்ச்சலைக் காட்டும். வயிற்றில் உணவில்லாததைக் காட்டாது. அதற்காக வெப்பமானியை உடைப்பார் உண்டா? அது அளப்பது எது, அளக்காதது எது என்று தெரிந்து வைத்துக் கொள்வதே அறிவு.

மீன் விலையும் விலைவாசியும்

கடலூர்த் துறைமுகத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்ட தடை. வரத்துக் குறைகிறது, மீன் விலை ஏறுகிறது. "பணவீக்கம் வந்துவிட்டது" என்கிறார் ஒருவர். அது பணவீக்கமன்று. ஒரு பொருளின் விலை ஏறி, வரத்து வந்ததும் இறங்குவது வேறு. பெரும்பாலான பொருள்களின் விலைகள் சேர்ந்து தொடர்ந்து ஏறிக்கொண்டே போவது வேறு. பின்னதே பணவீக்கம்.

2016 இல் மத்திய சர்க்கார் விலைவாசி உயர்வுக்கு 4 சதவீதம் என்று இலக்கு வகுத்து, அதைக் காக்கும் பொறுப்பை ரிசர்வ் வங்கியிடம் ஒப்படைத்தது. ரிசர்வ் வங்கியின் கையிலுள்ள பிரதான ஆயுதம் வட்டி விகிதம். வட்டியை உயர்த்தினால் கடன் வாங்குவது குறையும், செலவு தணியும். ஆனால் வட்டியை உயர்த்துவதால் வலையில் மீன் விழாது; காட்டுமன்னார்கோயில் வயலில் நெல் முற்றாது. சரக்குத் தட்டுப்பாட்டால் ஏறும் விலைக்கும், பணம் மிகுந்து ஏறும் விலைக்கும் மருந்து வேறு வேறு. இந்த வித்தியாசம் தெரியாத வாக்காளரை யார் வேண்டுமானாலும் ஏய்க்கலாம்.

அதே 61 நாளில் படகுத் தொழிலாளிக்கு வேலையும் இல்லை. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் வயற்கூலிகளுக்கும் அதே கதி. இது பருவகால வேலையின்மை. மந்தத்தால் ஆலை மூடப்பட்டு வேலை போவது மற்றொரு வகை. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு ஒரே பரிகாரம் தேடினால் பயனில்லை.

தகுதியில் குறைவில்லை

இந்த வட்டாரத்துக்குப் பொருளியல் புதிதல்ல. 1929 இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராயிருந்த பி. வி. நாராயணசாமி நாயுடு, சென்னை மாகாணத்துக் கிராமக் கடன் சுமையை விசாரித்து 1946 இல் அறிக்கை தந்தார். 1944 இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் மகாநாட்டுக்குச் சென்ற இந்தியப் பிரதிநிதிகளில் ஒருவரும், 1947 நவம்பர் 26 இல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தவருமான ஆர். கே. சண்முகம் செட்டியார், பின்னாளில் இதே பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். சென்னைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பித் தயாரித்து 1918 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அன்றையத் தென்னார்க்காடு ஜில்லாவின் இருவேல்பட்டும் இடம்பெற்றது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் அதே கிராமத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, காலம் செய்த மாறுதலைக் கணக்கெடுத்தார்கள்.

அன்று மாணவன் கிராமத்துக்குப் போனான். இன்று விடைத்தாளுக்கு மட்டுமே போகிறான். "பணவீக்கம் என்றால் என்ன?" என்ற வினாவுக்கு நாலு வரி மனப்பாடமாக எழுதி மதிப்பெண் வாங்குகிறவன், வீட்டில் அம்மா துவரம்பருப்பைக் குறைத்துப் போடுவதற்கும் அந்த நாலு வரிக்கும் சம்பந்தம் உண்டென்று அறியவில்லையானால், குற்றம் மாணவனுடையதன்று, பாடம் சொல்லும் முறையுடையது.

இதற்குப் பெரும் செலவு வேண்டியதில்லை. ஜில்லாவிலுள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியும் கல்லூரியும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், மீன், பேருந்துக் கட்டணம், தினக்கூலி என்று பத்து இனங்களின் விலையை மாணவர்கள் வாரந்தோறும் குறிக்கட்டும். ஒரு குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று விசாரித்து, அதற்கேற்ற எடை கொடுத்து, ஆண்டு முடிவில் தாங்களே ஒரு விலைவாசிக் குறியீட்டெண் தயாரிக்கட்டும். சர்க்கார் வெளியிடும் எண்ணோடு அதை ஒப்பிடட்டும். இரண்டும் வேறுபட்டால், ஏன் என்று வகுப்பில் விவாதிக்கட்டும். பத்துப் புத்தகம் படித்தாலும் வராத தெளிவு அந்த ஒரு விவாதத்தில் வரும்.

தேர் வீதியில் நுனிக்காலில் நிற்பவருக்குத் தம் முன்னால் நிற்கும் தலைகள்தாம் தெரியும். மாடியில் ஏறி நின்று பார்ப்பவருக்கே தேரும் வடமும் இழுப்பவர்களும் கூட்டமும் சேர்ந்து தெரியும். அந்த மாடிப்படியை நம் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது ஆசிரியர்களின் கடமை. ஏறிப் பார்த்த பிறகு கீழே இறங்கி வடம் பிடிக்க வேண்டியவர்களும் அவர்களே.