லேபிள் ஒட்டாத புதிர் கொடுங்கள்

சிவகாசி அச்சகங்களில் பட்டாசுப் பெட்டிக்கும் தீப்பெட்டிக்கும் லேபிள் அடித்தே என் காலம் போனது. லேபிள் வேண்டாம் என்று நானே எழுதுவதைப் பார்த்துப் பழைய சேக்காளிகள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். அதிலிருந்து எங்கள் விஸ்வநத்தத்திலும் செஸ் வகுப்புப் பேச்சுதான். என் பேத்தியும் போகிறாள். போன மாதம் ‘டிஃப்ளெக்‌ஷன்’ என்று தலைப்புப் போட்ட தாளில் 20 புதிர்கள். காவல் நிற்கும் காயை ஆசை காட்டியோ மிரட்டியோ இடம் பெயர்க்கும் தந்திரம் அது. இருபதும் சரி.

அடுத்த வாரம் போட்டி. எதிராளியின் ராஜா மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் அடைந்து கிடந்தது. கடைசி வரிசைக்கு ராணி மட்டுமே காவல். பிஷப்பை அந்த ராணிக்கு எதிரே வைத்திருந்தால் கதை முடிந்தது. வெட்டினால் யானை இறங்கி மேட். வெட்டாவிட்டால் ராணி போச்சு. இவள் பார்க்கவே இல்லை. தோற்றாள். “தாத்தா, எனக்கு செஸ் வராது” என்று அழுதாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். தாளில் தலைப்பே பாதி விடை. பலகையில் யார் தலைப்பு எழுதி வைப்பார்கள்?

பெயர் சொல்லாமல் எப்படிக் கற்பிப்பது என்று மாஸ்டர்கள் கேட்பார்கள். நியாயம்தான். முதல் நாள் தலைப்பு இருக்கட்டும். 1920இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்ததாகச் சொல்லப்படும் ஆடம்ஸ்–டோரே ஆட்டத்தைக் காட்டுங்கள். அது நிஜமாக ஆடப்பட்டதா என்ற சந்தேகம் உண்டு, பாடம் நிஜம். வெள்ளை தன் ராணியை நான்கு கட்டங்களில் மாறி மாறி இரையாக வைக்கும். கருப்பு தொட முடியாது. தொட்டால் கடைசி வரிசைக் காவல் போய் மேட்.

இரண்டாம் நாளிலிருந்து எல்லாத் தந்திரங்களையும் கலந்து கொடுங்கள். பத்துப் புதிரில் மூன்றில் எந்தத் தந்திரமும் இருக்கக் கூடாது. காயைத் தொடுமுன், “எது எதைக் காக்கிறது? அது நகர்ந்தால் என்ன திறக்கும்?” என்று கேட்கச் சொல்லுங்கள். பிறகு தன் காய்களுக்கும் அதே கேள்வி.

இருபதுக்கு இருபது வாங்கினால் பெற்றோருக்குச் சந்தோஷம், வகுப்புக்கும் நல்ல பெயர். பிள்ளைக்குத்தான் நம்பிக்கை போகிறது.

இப்போது தலைப்பை வெட்டிவிட்டு நானே புதிர் கொடுக்கிறேன். நேற்று பத்துக்கு ஆறு. அழவில்லை, “இன்னும் பத்து குடுங்க தாத்தா” என்றாள்.