யாருக்கும் அடி படவில்லை, கார் மட்டும்தான் நசுங்கியது: இழப்பீடு கேட்க முடியுமா?

பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, ரயில் பாலத்தைப் படம் எடுக்காமல் ராமேஸ்வரம் போகிறவர்கள் குறைவு. போலீஸார் எத்தனை முறை விரட்டினாலும் அடுத்த கார் வந்து நிற்கும். 1988-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் போக ஒரு வழி, வர ஒரு வழிதான். ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஐயப்ப சீசன் நாட்களில் மண்டபம் முதல் தனுஷ்கோடி வரை வெளியூர் வண்டிகள் நெருக்கியடிக்கும். நிற்கும் காரைப் பின்னால் வரும் வேன் இடிப்பது அங்கே சாதாரணம்.

இடித்ததும் வரும் முதல் வார்த்தை, "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, விடுங்க சார்." இரண்டாயிரமோ மூவாயிரமோ கை மாறும். காயம் இல்லை என்றால் கேஸும் இல்லை என்று இரு தரப்பும் நம்புகின்றன. ஒர்க்ஷாப்பில் பில் போடும்போதுதான் உண்மையான நஷ்டம் தெரியும். அப்போது இடித்த வண்டி தன் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 165-வது பிரிவு, உயிரிழப்பு, உடல் காயம் ஆகியவற்றோடு மூன்றாம் நபரின் சொத்துக்கு ஏற்படும் சேதத்தையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வைத்திருக்கிறது. இடித்த வண்டியின் உரிமையாளரைப் பொறுத்தவரை, இடிபட்ட கார் ‘மூன்றாம் நபரின் சொத்து’. ஆகவே காயமே இல்லாவிட்டாலும் மனு போடலாம். எதிரே வந்தவர் மீதுதான் தவறு என்பதை மட்டும் நிரூபிக்க வேண்டும்.

எந்த ஊரில் மனு போடுவது?

"சென்னையில வேலை, ராமநாதபுரம் கோர்ட்டுக்கு யார் அலையறது?" என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். அலையத் தேவையில்லை. விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர் மனுதாரர் வசிக்கும் இடம் என எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க 166-வது பிரிவு அனுமதிக்கிறது. பாம்பனில் இடிபட்ட சென்னைக்காரர் சென்னையிலேயே கேட்கலாம். கர்நாடகக் கார் இடித்த ராமேஸ்வரம் டாக்சி டிரைவர், பெங்களூருக்குப் போகாமல் ராமநாதபுரத்திலேயே கேட்கலாம்.

ஆனால் கெடு உண்டு. 2019 திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு தாக்கலாக வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. அதை நம்பி நாளைக் கடத்துவது ஆபத்து.

சொந்த இன்ஷூரன்ஸ் போதாதா?

சிறு சேதத்துக்குப் பெரும்பாலும் அதுவே சுலபம். ‘ஓன் டேமேஜ்’ பாலிசி இருந்தால், சர்வேயர் பார்த்த பிறகு ரிப்பேர் செலவு கிடைத்துவிடும். அதற்கும் ஒரு விலை உண்டு. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்காகச் சேரும் 20 முதல் 50 சதவீதம் வரையிலான ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடும். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குத் தன் காருக்காக ஒரு ரூபாய்கூட வராது. அவருக்கு இருக்கும் ஒரே வழி, இடித்தவரிடமும் அவருடைய இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமும் கேட்பதுதான். ஒரே செலவை இரண்டு இடத்திலும் வாங்க முடியாது.

டாக்சி ஓட்டுபவருக்கு இது பிழைப்புப் பிரச்சினை. கார் பத்து நாள் ஒர்க்ஷாப்பில் நின்றால் சவாரி இல்லை, ஆனால் இ.எம்.ஐ. நிற்காது. வழக்கமான ஓன் டேமேஜ் பாலிசி இந்த வருமான இழப்பைத் தராது. தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஆனால் எல்லாத் தீர்ப்பாயங்களும் இதை ஒரே மாதிரி ஏற்பதில்லை. சவாரிக் கணக்கு, வங்கி வரவு, வண்டி ஒர்க்ஷாப்புக்குப் போன, வந்த தேதிகள் கையில் இருந்தால்தான் வாதம் நிற்கும்.

கவனிக்க வேண்டிய 6,000 ரூபாய்

தனியார் கார் பாலிசியில் மூன்றாம் நபர் சொத்து சேதத்துக்கான வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். பிரீமியத்தில் சிறு சலுகைக்காக அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆன்லைனில் அவசரமாக டிக் செய்யும் பலருக்கு இது தெரியாது. அப்படிப்பட்ட கார் இடித்து 60,000 ரூபாய் சேதமானால், மீதி 54,000 ரூபாய் உரிமையாளரின் பையிலிருந்துதான் வர வேண்டும். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி என்றால் நிலைமை இன்னும் மோசம். அத்தகைய விபத்துகளுக்கான அரசு இழப்பீடு, உயிரிழப்புக்கும் கொடுங்காயத்துக்கும் மட்டுமே. நசுங்கிய காருக்கு இல்லை.

மன அதிர்ச்சிக்கு?

"ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குது" என்பதும் உண்மையான பாதிப்புதான். ஆனால் சட்டம் பேசுவது உடல் காயத்தை. மருத்துவப் பதிவே இல்லாத மன உளைச்சலுக்கு மட்டும் தொகை பெறுவது கடினம். டாக்டரிடம் காட்டி, சீட்டுகளைப் பத்திரப்படுத்துவது நல்லது.

அந்த இடத்திலேயே செய்ய வேண்டியவை

* வண்டிகளை நகர்த்தும் முன் நம்பர் பிளேட், சேதம், சாலை எல்லாம் தெரியும்படி போட்டோ, வீடியோ.
* எதிர்த் தரப்பின் லைசென்ஸ், ஆர்.சி., பாலிசி விவரம். சாட்சிகளின் போன் நம்பர்.
* போலீஸில் புகார், குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீது. எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் மனு போடலாம், இருந்தால் பலம்.
* சொந்த இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே தகவல். சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேர் வேண்டாம்.
* ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம்.

மாற வேண்டியது என்ன?

உரிமை சட்டத்தில் இருக்கிறது, அதை அடையும் பாதைதான் கரடுமுரடு. "ரத்தம் வரலையே, எதுக்குப் புகார்?" என்ற கேள்வி காவல் நிலையத்தில் எழக் கூடாது. பிறர் உயிருக்கு ஆபத்து விளையும்படி வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவு, காயம் பட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 6,000 ரூபாய் வரம்பின் பொருளை, பாலிசி விற்கும்போதே இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் தமிழில் விளக்க வேண்டும். வாகன சேதம் மட்டுமே உள்ள சிறு வழக்குகளை லோக் அதாலத்தில் தனியாக எடுத்து விரைவாக முடிக்கலாம்.

50,000 ரூபாய் நஷ்டத்துக்காக வருடக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டும் என்றால், பாலத்தில் நீட்டப்படும் இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். தவறு செய்தவருக்கு அதைவிட மலிவான தண்டனை வேறு இல்லை.