வண்டிக்கு இடமுண்டு, நடப்பவனுக்கு?

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து தங்கவயல் தமிழனின் வேலைத்தலம் பெங்களூராகிவிட்டது. மாரிகுப்பத்தில் ரயிலேறுவோரும், பூதிகோட்டையிலிருந்து பங்காரப்பேட்டை வந்து ஏறுவோரும் கண்டோன்மெண்டில் இறங்கிச் சிவாஜி நகருக்கும் கமர்ஷியல் தெருவுக்கும் நடக்கிறார்கள். நடைபாதையில் கார் ஏறி நிற்கும் இடங்களில் பஸ் ஓடும் பாதையில் இறங்கித்தான் நடக்கவேண்டும். ஆகவே கார் நிறுத்தும் பிரச்சனை கார்க்காரர் விவகாரம் என்று நாம் இருந்துவிட முடியாது.

திறந்தவெளி நிறுத்துமிடத்தில், வந்துபோகும் வழியும் சேர்த்து, ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்று திட்டமிடுவோர் கணக்கிடுகிறார்கள். ஏறக்குறைய 250 சதுர அடி! நம் லயன் வீடுகளில் பல இதைவிடச் சிறியவை. தெருவோர இடத்துக்கு வாடகை என்ன? 2021-ல் அரசு ஏற்ற பெங்களூர் வாகன நிறுத்தக் கொள்கை, குடியிருப்போர் தெருவில் நிறுத்தச் சிறிய காருக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய், மிகப் பெரிய காருக்கு 5,000 ரூபாய் என்றது. சிறிய காருக்கு நாளொன்றுக்கு மூன்று ரூபாய்கூட ஆகவில்லை. ஒரு டீக்குக் காணாது.

நிறுத்த இடமில்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள் கடைக்காரர்கள். இதை நாம் தள்ளிவிடவில்லை. அந்தக் கடைகளில் நிற்பது நம் வீட்டுப் பெண்கள். சரக்கு வண்டியும் ஆட்டோவும் ஓட்டுவோரும் நம்மவரே. ஆனால் வாடிக்கையாளரின் இடத்தை அடைப்பது காலை முதல் இரவு வரை அசையாமல் நிற்கும் கார்தான். மணிக்கணக்கில் கட்டணம் வைத்தால் அது நகரும். நிலத்தின் மதிப்புக்கேற்பக் கட்டணம் வேண்டுமென்று 2006-ன் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையே சொல்லியிருக்கிறது. வசூலாகும் பணம் நடைபாதைக்கும் பஸ்ஸுக்கும் போகவேண்டும் என்பது நம் கோரிக்கை.

நம் குறையையும் சொல்லியாகவேண்டும். ஸ்டேஷன் வாசலை அடைத்து ஸ்கூட்டர் நிறுத்துகிறோமே, மூட்டையோடு வரும் தாய்மார்கள் எந்த வழியாகப் போவார்கள்?

சென்னைப் பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை திறந்தார்கள். அருகிலேயே கார்களுக்கு அடுக்குமாடி நிறுத்தகமும் கட்டினார்கள். நல்லதுதான். ஆனால் நடைபாதை வியாபாரிகள் 600 பேருக்கு மேல் 2013-லேயே ஒரு கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டிருந்தார்கள். மாடியில் நிறுத்திய காருக்கு வாடிக்கையாளர் தேடி வரவேண்டியதில்லை. பூக்காரிக்கு அதுதானே பிழைப்பு?

பெங்களூரிலும் இடத்தைப் பங்கிடும்போது முதலில் தள்ளப்படுவது தள்ளுவண்டிதான். 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் தரும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள்.

பெங்களூரில் கடை போடும் நம் உறுப்பினர்கள், சான்றிதழ் இல்லையென்றால், கடை போடும் தெருவின் பெயரோடு கிளைச் செயலாளரிடம் இம்மாதமே பதிவு செய்துகொள்ள வேண்டுகிறோம்.