கடல் தாண்டிப் போகிறவன் பல்லை யார் பார்ப்பது?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் தாய்மார்களிடம் "மகன் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். துபாய், குவைத், கத்தார் என்று பதில் வரும். ஒரு காலத்தில் இதே குடும்பத்து ஆண்கள் சங்கு ஊதியதும் மில்லுக்கு நடந்தார்கள். பழைய ஆட்கள் "ரோடியர் மில்" என்று சொல்லும் ஏ.எஃப்.டி. ஆலை 2020இல் மூடப்பட்டது. தகப்பன் மில்லுக்குப் போனான், மகன் விமானம் ஏறுகிறான்.

அந்த மார்க்கெட்டில் ஒரு தாய் நம்மிடம் சொன்ன விஷயம் இது. மகன் கட்டட வேலைக்குப் போய் எட்டு மாதம். கடைவாய்ப் பல் ஊரிலேயே கூசியது. ஏஜெண்டுக்குப் பணம் புரட்டும் அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. போன இடத்தில் கன்னம் வீங்கிவிட்டது. வேர் வரை வைத்தியம் செய்து பல்லைக் காப்பாற்ற, சம்பளத்தில் பெரும்பகுதியைக் கேட்டார்கள். பிடுங்குவது மலிவு. பிடுங்கிக்கொண்டான். "இருபத்து நாலு வயசுலயே பல்லு போச்சுய்யா, இன்னும் எத்தினி வருசம் ஒழைக்கணும்" என்றார் அந்த அம்மாள்.

போனது ஒரு பல்தானே என்று சிலர் சொல்லலாம். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். மெல்ல முடியாதவன் சரியாகச் சாப்பிட முடியாது. இரவு முழுதும் வலியில் கிடந்தவன் மறுநாள் சாரத்தின் மேல் ஏறி நிற்கிறான். கால் தடுமாறினால் யார் பொறுப்பு?

வளைகுடாவுக்குப் போகிறவனை ஊரிலேயே சோதிக்கிறார்கள். நெஞ்சைப் படம் எடுக்கிறார்கள், இரத்தம் எடுக்கிறார்கள். நோயைத் தீர்க்கவா? இல்லை, நோயுள்ளவனைக் கழித்துவிட. மாட்டுச் சந்தையிலே பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டை வாங்குவார்கள். இங்கே மனிதனை வாங்குகிறவர்கள் அந்தப் பல்லுக்கு மருந்து போடுவதில்லை. ஐக்கிய அரபு நாடுகளில் தனியார் கம்பெனித் தொழிலாளர் எல்லோருக்கும் 2025 ஜனவரி 1 முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயம். நல்லது. ஆனால் மலிவான திட்டங்களில் பல் வைத்தியம் முழுமையாக அடங்குவது அரிது. கையெழுத்துப் போடுமுன் "பல்லுக்கு என்ன உண்டு?" என்று கேட்பது ஒவ்வொரு தொழிலாளியின் உரிமை.

நம் ஊரிலேயே இன்னொரு காட்சியும் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற "சொல்தா" குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சில் வாழ்கிறார்கள். அங்கே துணைக் காப்பீடும் உள்ளவர்களுக்கு, குறிப்பிட்ட வகைப் பல் உறைகள் 2020 முதலும், கழற்றி மாட்டும் பல் செட்டு 2021 முதலும் கைக்காசு இல்லாமல் கிடைக்கின்றன. ஒரே தெருவில் பிறந்த இரண்டு பிள்ளைகள். பாஸ்போர்ட்டின் நிறத்துக்கு ஏற்பப் பல்லின் விதி மாறுகிறது!

பல் வைத்தியம் சோற்றுப் பிரச்சனை போலவே அரசியல் பிரச்சனை. இங்கிலாந்தில் 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல் வைத்தியமும் இலவசமாயிற்று. ஏழை ஜனங்கள் திரண்டு வந்தார்கள். 1951இல் ஆயுதச் செலவு பெருகியது. பொய்ப் பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தார்கள். அந்தச் சேவையைக் கட்டியெழுப்பிய அனூரின் பெவன், சுரங்கத் தொழிலாளியின் மகன், மந்திரி பதவியை உதறிவிட்டு வெளியேறினார். தொழிலாளியின் பல்லுக்காக ஒரு மந்திரி நாற்காலியை விட்ட சரித்திரம் உண்டு, தோழர்களே!

சர்க்கார் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். வாயிலுள்ள கிருமி நாம் தின்னும் சர்க்கரையைப் புளிப்பாக்குகிறது. அந்த அமிலம் பல்லின் மேல்தோட்டைக் கரைக்கிறது. குழி சிறியதாக இருக்கும்போது வலி தெரியாது. அப்போது அடைத்தால் செலவும் குறைவு. வலி வந்தபின் போனால் வேர் வைத்தியம், இல்லையேல் பிடுங்கல். ஆகவே விசா வந்த கையோடு, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பாவது, பல்லைக் காட்டுங்கள். கோரிமேட்டில் சர்க்காரின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. அவர் சர்க்கார் ஆஸ்பத்திரியைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

அங்கே போனபின் காலையும், இரவு படுக்குமுன்பும் ஃபுளோரைடு கலந்த பசையால் துலக்குங்கள். செங்கல் தூளும் கரியும் பல்லைத் தேய்த்துவிடும். நமக்கு வேப்பங்குச்சி போல அரபு நாட்டாருக்கு மிஸ்வாக் குச்சி. மென்மையாகத் தேய்த்தால் இரண்டும் உதவும், ஆனால் ஃபுளோரைடு பசையை விட்டுவிடாதீர்கள். நாள் முழுதும் சர்க்கரை டீ வேண்டாம். குடித்தபின் தண்ணீரில் கொப்புளியுங்கள். தூக்கம் விரட்ட வாயில் ஒதுக்கும் புகையிலை வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். வலி மாத்திரையை ஈறில் வைக்காதீர்கள், புண்ணாகும். தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், விழுங்க முடியாத நிலை மூன்றும் சேர்ந்தால் கம்பெனியின் அனுமதிக்காகக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அது உயிருக்கே ஆபத்து.

இத்தனையும் தொழிலாளி செய்யக்கூடியது. மற்றவர்கள் செய்ய வேண்டியதையும் கேட்போம். புறப்படுமுன் நடக்கும் மருத்துவச் சோதனையோடு பல் சோதனையும் வைத்தியமும் இலவசமாக நடக்க வேண்டும். ஆள் எடுக்கும் கம்பெனி, பல் வைத்தியத்தையும் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். வெளிநாடு செல்வோருக்கான மத்திய சர்க்காரின் காப்பீட்டிலும் அதற்கு இடம் வேண்டும். கடல் தாண்டி உழைத்து அவன் அனுப்பும் பணத்தை எல்லோரும் எண்ணிப் பார்க்கிறார்கள். அவன் வாயில் எத்தனை பல் மிச்சம் என்பதையும் இனி எண்ணிப் பார்க்கட்டும்.

அந்தத் தாய் மறுபடியும் மீன் கூடையருகே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது மகனும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். "இவனை முதல்லே பல்லாஸ்பத்திரிக்கு அனுப்புறேன்" என்றார். ஒவ்வொரு உழைப்பாளி வீட்டிலும் அப்படியே நடக்கட்டும்.