காக்கை தொடாத காய்



ஆடிச் சனிக்கிழமை ஒன்றில் குச்சனூர் போயிருந்தேன். சுயம்பு சனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுச் சுரபி நதிக்கரையோரம் நடந்தபோது, வரப்பில் ஒரு காக்கை மணத்தக்காளியைக் கொத்திக்கொண்டிருந்தது. கறுத்த பழங்களை மட்டும்தான். பச்சைக் காய்களைச் சீந்தவில்லை. சனீஸ்வரரின் வாகனமாயிற்றே என்று நின்று பார்த்தேன். அந்தச் செடிக்கு வடமொழியில் காகமாசி என்று பெயர்.

என் பையில் அன்று வாசகி ஒருவரின் கடிதம் இருந்தது. 'கத்தரி, தக்காளி, உருளை, மணத்தக்காளி எல்லாம் ஒரே குடும்பமாம், எல்லாவற்றிலும் விஷமாம். பேத்திக்கு மணத்தக்காளிக் கீரை கொடுக்கலாமா?'

விஷம் உண்டு, அம்மா. பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்கச் செடி தானே சுரந்துகொள்வது. அதில் முக்கியமானது சோலனின். 1820இல் தெஃபோஸ் என்ற பிரெஞ்சு மருந்தாளர் அதை முதலில் பிரித்தெடுத்ததே மணத்தக்காளிப் பழத்திலிருந்துதான்! அங்கே அந்தச் செடியை நச்சுச்செடி என்றார்கள். இங்கே வாய்ப்புண்ணுக்குப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கிறோம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பச்சைக் காயில் நஞ்சு அதிகம், பழுக்கப் பழுக்கக் குறையும். வகைக்கும் மண்ணுக்கும் தக்கபடியும் மாறும். வற்றலைப் பச்சைக் காயில்தானே போடுகிறோம் என்பீர்கள். போடுகிறோம், ஆனால் குழம்புக்கு ஒரு கரண்டி வற்றல், அதற்குமேல் யார் தின்கிறார்கள்? பேத்திக்குக் கீரையைச் சமைத்து அளவாகக் கொடுங்கள்.

எனக்குப் பயம் உருளைக்கிழங்கில்தான். லண்டன் பள்ளி ஒன்றில் கோடை விடுமுறைக்கு முன் வாங்கி மிஞ்சிய மூட்டையைச் சமைத்துப் போட்டு 78 மாணவர்கள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தார்கள். 17 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். 1979இல் மருத்துவ இதழொன்றில் இது பதிவானது. கிழங்கின் மேல் படியும் பச்சை வெறும் இலைப்பச்சையம், அது ஒன்றும் செய்யாது. ஆனால் அதை வரவழைக்கும் வெளிச்சமே சோலனினையும் கூட்டிவிடுகிறது. குக்கரில் நாலு விசில் விட்டாலும் அது போகாது. லேசான பச்சையென்றால் தோலோடு ஆழமாகச் சீவி, முளைக்கண்ணையும் தோண்டி எறியுங்கள். வாயில் வைத்ததும் கசந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

திரும்பும் வழியில் சின்னமனூரில் ஒரு கிலோ உருளை வாங்கினேன். கடைக்கார அம்மா தராசிலிருந்து இரண்டைத் தானாகவே எடுத்து ஓரம் போட்டார். "இது கசக்கும்ணே, வேணாம்." பிறகு, வெயில் படாமல் சாக்கை இழுத்துக் குவியலை மூடினார்.

அன்புடன்,
ஆசிரியர்