இழந்த முகமும் நமது பார்வையும்



முகத்தைச் சீர்படுத்த ஒருவர் ஊசி ஏற்றிக்கொண்டார் என்று கேள்விப்பட்டதும், அது வீண் பெருமை என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். தேவன் தந்த முகத்தைத் திருத்த மனிதன் யார் என்றும் கேட்கிறோம். அவ்வாறு கேட்பதற்கு முன், அத்தகைய ஊசிமருந்து ஒன்று அமெரிக்காவில் முதன்முதலில் யாருக்காக அனுமதிக்கப்பட்டது என்பதைச் சற்று அறிந்துகொள்வோம்.

எச்.ஐ.வி. தொற்றுக்கு உள்ளானவர்கள், 1996ஆம் ஆண்டளவில் பல மருந்துகளை ஒன்றுசேர்த்து வழங்கும் சிகிச்சை வந்த பின்னரே நீண்டகாலம் உயிர்வாழத் தொடங்கினர். ஆனால் அம்மருந்துகளுள் சில, குறிப்பாக ஸ்டாவுடின், தோலின் கீழுள்ள கொழுப்புக் கலங்களை அழித்தன. கன்னங்கள் குழிந்தன, நெற்றிப்பொட்டுகள் ஒடுங்கின, கன்ன எலும்புகள் துருத்தின. உயிரைக் காத்த மருந்தே முகத்தைப் பறித்துக்கொண்டது. வீட்டாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த நோயை, அந்த முகமே வீதியில் செல்வோருக்கெல்லாம் அறிவித்தது.

இவர்களுக்காகவே 2004 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஸ்கல்ப்ட்ரா என்னும் ஊசிமருந்துக்கு அனுமதி வழங்கியது. அதிலுள்ள பொலி எல் லக்டிக் அமிலம், உடலில் தானாகக் கரையும் தையல் நூல்களிலும் பயன்படும் பொருளாகும். அதன் நுண்துகள்கள் தோலின் ஆழத்தில் ஏற்றப்படும்போது, உடல் அவற்றைச் சூழ்ந்து கொலாஜன் என்னும் தன் சொந்தப் புரதத்தை உருவாக்குகின்றது. துகள்கள் மெல்லக் கரைந்துபோக, உடல் உருவாக்கிய கொலாஜன் குழிந்த இடத்துக்குத் தடிப்பைக் கொடுக்கின்றது. ஒரே நாளில் இது நிகழ்வதில்லை. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை ஏற்ற வேண்டும். பலனும் நிரந்தரமானதன்று.

2010 மார்ச்சில் அமெரிக்க அரச மருத்துவக் காப்புறுதித் திட்டமான மெடிகெயார் ஒரு முடிவை எடுத்தது. எச்.ஐ.வி. சிகிச்சையால் முகம் ஒடுங்கி, அதன் காரணமாக மனச்சோர்வுக்கு உள்ளானவர்களுக்கு இத்தகைய ஊசிகளின் செலவை ஏற்பதே அம்முடிவாகும். குழிந்த கன்னம் உடலில் வலியை உண்டாக்குவதில்லை. ஆயினும் அது மனிதரை நோயாளியாக்கியது. அந்தச் சோர்வை உண்டாக்கியதில் பெரும் பங்கு, அவர்களை உற்றுநோக்கி விலகிச் சென்ற மனிதரின் பார்வைக்கே உரியது.

மாற்கு சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்தில் ஒரு குஷ்டரோகி இயேசுவிடம் வருகிறான். ஊருக்கு வெளியே வாழவேண்டும் என்று விதிக்கப்பட்டவன் அவன். குணமாக்கும் வார்த்தையைச் சொல்வதற்கு முன்பே, இயேசு கையை நீட்டி அவனைத் தொட்டார். தோல் சுத்தமானது பின்னர். மனிதனாக ஏற்கப்பட்டது முதலில். இந்த ஒழுங்கை நாம் தலைகீழாக்கிவிட்டோம். முகம் சரியானால் அருகே வா என்கிறோம்.

இதனால் எல்லா ஊசிகளையும் நான் நியாயப்படுத்துவதாக எண்ண வேண்டாம். 2009இல் இதே மருந்து அமெரிக்காவில் முகச் சுருக்கங்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. இன்று முதுமையைக் குறித்த பயமே இதற்குப் பெரிய சந்தையாகிவிட்டது. உழைத்தும் அழுதும் சிரித்தும் வந்த சுருக்கங்கள் வெட்கத்துக்குரியவை அல்ல. ஆபத்தும் இல்லாமலில்லை. தோலின் கீழ் கட்டிகள் தோன்றலாம். தவறுதலாக இரத்தக்குழாயில் ஏறினால் தோல் அழுகலாம், பார்வையும் பறிபோகலாம். பயிற்சி பெற்ற வைத்தியரன்றி வேறெவரும் இதனைத் தொடலாகாது. ஆயினும் ஒருவர் எதற்காக அந்த ஊசியை நாடினார் என்பது வெளியே நிற்கும் நமக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தீர்ப்பளிப்பது நமது வேலையன்று.

ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009இல் அறிவுறுத்தியது. அதற்கு முன், விலை குறைந்தது என்பதால் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழைகள் பலர் அதனையே உட்கொண்டனர். விலையுயர்ந்த இந்த ஊசி அவர்களுள் மிகப் பெரும்பாலானோருக்கு எட்டாக்கனியே. குழிந்த கன்னங்களோடுதான் அவர்கள் பிள்ளைகளை வளர்த்தார்கள், ஆலயத்துக்கு வந்தார்கள்.

அன்பானவர்களே, ஊசியால் கன்னத்தை நிரப்பலாம். நம் பார்வையிலுள்ள கொடுமையை எந்த ஊசியாலும் கரைக்க முடியாது. அடுத்த ஞாயிறு, நோயினால் முகம் மாறிய ஒருவர் ஆலயத்தின் கடைசி வாங்கில் தனியே அமர்ந்திருந்தால், அவரருகே சென்று அமருங்கள். கையைப் பற்றி நலம் விசாரியுங்கள். அதற்குச் செலவேதுமில்லை. ஒவ்வொரு முகத்தையும் இயேசு நோக்கியவாறு நோக்கும் கண்களைத் தேவன் நமக்குத் தந்தருள்வாராக.